சனசமூக நிலையக் கட்டடம்: அத்திவாரம் வெட்டுமுன் சாய்தளம் பற்றிச் சில கேள்விகள்

நிலையச் செயலாளர் (வலிகாமம்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் பழைய ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டு, வெளிநாடுகளில் வாழும் ஊரவர்களின் நிதியுதவியுடன் இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்புவதற்கு நிர்வாகசபை தீர்மானித்திருக்கிறது. கீழ்த்தளத்தில் சிறிய மண்டபமும் முன்பள்ளியும், மேல்தளத்தில் வாசிகசாலையும் கணினி அறையும் நிர்வாகசபை அறையும் வரும்படி படவரைஞர் ஒருவர் வரைபடம் தயாரித்துத் தந்திருக்கிறார். காணி இரண்டரைப் பரப்பு. தெருக் கேற்றிலிருந்து கட்டடத்தின் முன்சுவர் வரை 45 அடி வெற்றிடம் விடப்பட்டுள்ளது. மாரி காலத்தில் ஒழுங்கையில் வெள்ளம் நிற்பதனால், தளமட்டம் நிலத்திலிருந்து 2 அடி 6 அங்குலம் உயர்த்தப்பட்டிருக்கிறது.

வரைபடத்தின் பக்கவாட்டு மூலையில் 8 அடி நீளமான சிறு பெட்டி ஒன்றை வரைந்து, அதற்குள் 'சாய்தளம்' என்று எழுதியிருக்கிறார்கள்; சக்கர நாற்காலி ஏறிவருவதற்கான சரிவுப் பாதை அது. மலசலகூடங்கள் பின்புறத்தில், இரண்டு படி ஏறிச் செல்லும் தனிக் கட்டடமாக உள்ளன. இது போதுமா என்று கேட்டதற்கு, அனுமதி எடுப்பதற்கு இது போதும் என்பதே படவரைஞரின் பதிலாக இருந்தது. நிர்வாகசபைக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசியபோது மூத்த உறுப்பினர் ஒருவர், "ஊரில் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் இரண்டு பேர்தானே, அவர்கள் வந்தால் தூக்கிவிட இளைஞர்கள் இல்லையா?" என்று கேட்டார். கூட்டத்தில் இருந்த பலரும் அதை ஒப்புக்கொண்டார்கள்.

இந்த விடயத்தில் சட்டம் எங்களை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்துகிறது, வரைபடத்தில் இப்போதே மாற்ற வேண்டியவை எவை, ஒப்பந்தகாரர் அவற்றைச் சரியாகச் செய்வதை எப்படி உறுதிப்படுத்துவது என்பவற்றைத் துறை சார்ந்தவர்களிடமிருந்து அறிய விரும்புகிறேன். அடுத்த கூட்டத்தில் வரைபடத்துக்கு இறுதி ஒப்புதல் கொடுக்க இருக்கிறார்கள். மேலதிகச் செலவு வரும் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பணம் அனுப்புபவர்களுக்கு நான் கணக்குக் காட்ட வேண்டியவன்.

மட்டக்கோல் (குடிசார் பொறியியலாளர், யாழ்ப்பாணம்) எழுதியது:

செயலாளர் அவர்களுக்கு வணக்கம். அத்திவாரம் வெட்டுமுன் கேட்டிருப்பதனால் உங்கள் கைவசம் இன்னும் எல்லாத் தெரிவுகளும் இருக்கின்றன. கட்டடம் எழும்பிய பின்னர் இதே கேள்வியோடு வருபவர்களுக்குப் பெரும்பாலும் உடைத்துக் கட்டும் யோசனையைத்தான் சொல்ல நேர்கிறது.

முதலில் அந்த 8 அடிப் பெட்டியைக் கணக்குப் பார்ப்போம். சாய்தளத்துக்குப் பொதுவாக ஏற்கப்படும் உச்ச சரிவு 1:12 ஆகும். அதாவது ஓர் அங்குலம் உயர்வதற்குப் பன்னிரண்டு அங்குலம் நீளம் தேவை. உங்கள் தளமட்டம் 30 அங்குலம் என்றால் சாய்தளம் மட்டும் 30 அடி நீளமாக வரும். அதன் மேல்முனையிலும் கீழ்முனையிலும் நாற்காலியைத் திருப்புவதற்கு 5 அடிச் சதுரமான சமதளம் ஒவ்வொன்று வைத்தால் 40 அடியாகும். படவரைஞர் வரைந்த எட்டடியில் 30 அங்குலம் ஏறுவது என்பது மூன்று அடி சென்றால் ஏறக்குறைய ஓரடி உயர்வது ஆகும். அந்தச் சரிவில் சக்கர நாற்காலியைத் தனியே உருட்டி ஏறுவது எவராலும் இயலாது. பின்னால் நின்று தள்ளுபவருக்கும் ஆபத்து. இறங்கும்போது நாற்காலி முன்பக்கமாகக் குடைசாயும். அதை ஒரு பயன்படாத பொருளாக மட்டும் கருத வேண்டாம். விபத்துக்கு வழி செய்யும் பொருளாகவே கருதி வரைபடத்திலிருந்து நீக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, கதவுகள். எங்களூர் மலசலகூடங்களுக்கு வழக்கமாக வைக்கும் மரநிலை வெளி அளவில் 2 அடி 6 அங்குலம். இரு பக்கமும் மூன்று அங்குலச் சட்டம் போனால் உள்ளே கிடைப்பது 2 அடி, அதாவது ஏறத்தாழ 610 மில்லிமீற்றர். சாதாரணச் சக்கர நாற்காலி ஒன்றின் மொத்த அகலமே 650 மில்லிமீற்றர் அளவில் இருப்பதால், சாய்தளத்தை எவ்வளவு அழகாகக் கட்டினாலும் அவர் மலசலகூட வாசலோடு நின்றுவிடுவார். தெளிவான வழி 900 மில்லிமீற்றர் கிடைக்க வேண்டுமானால் மூன்றரை அடி நிலை வைக்க வேண்டும். இதற்குக் கூடுதலாக வேண்டிய மரம் சிறிதளவே. அந்த அகலத்துக்குக் கல்லும் சாந்தும் மிச்சமாகின்றன.

மூன்றாவது, எது கீழே எது மேலே என்பது. காலையில் பத்திரிகை வாசிக்க வருபவர்களில் பெரும்பாலானோர் வயோதிபர்கள். அவர்களுக்கான வாசிகசாலையை மாடிக்கு ஏற்றுவதன் நோக்கம் எனக்கு விளங்கவில்லை. மண்டபத்தையும் வாசிகசாலையையும் மடிப்புக் கதவால் பிரிக்கக்கூடிய ஒரே இடமாக அமைத்தால் இரண்டும் கீழேயே அடங்கும். கணினி வகுப்பும் களஞ்சியமும் மேலே போகலாம். ஆனால் வாசிகசாலையின் மூலையில் குறைந்தது இரண்டு கணினிகளாவது இருக்க வேண்டும். நிர்வாகசபை அறையைக் கட்டாயம் கீழே கொண்டுவாருங்கள். கூட்டம் மாடியில் நடக்குமானால் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர் உங்கள் நிலையத்துக்கு ஒருநாளும் தலைவராக வர முடியாது. இப்போது மின்தூக்கி வாங்கும் வசதி இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் படிக்கட்டுக்கு அருகே மேல்தளத்து கொங்கிறீற்றில் பிற்காலத்தில் திறக்கக்கூடிய இடம் ஒன்றைக் கம்பி வரைபடத்திலேயே ஒதுக்கி வைப்பதற்குச் செலவு மிகக் குறைவு.

கைத்தடி (ஓய்வுபெற்ற ஆசிரியர்) எழுதியது:

பொறியியலாளர் தம்பி எழுதியவற்றோடு எனக்கு உடன்பாடு உண்டு. நான் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால் அணிந்து நடப்பவன் என்ற வகையில் இரண்டு விடயங்களைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது, அந்த மூத்த உறுப்பினரின் கேள்விக்கான பதில். தூக்கிவிட இளைஞர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மையே. எங்கள் பிள்ளைகள் கேட்டால் மறுக்க மாட்டார்கள். ஆனால் தூக்கப்படுபவர் வளர்ந்த மனிதர். அவர் வருவதற்கும் போவதற்கும் மற்றவர்களின் நேரத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். கூட்டத்தின் நடுவே மலசலகூடம் போக வேண்டியிருந்தால் அதை நான்கு பேருக்கு அறிவிக்க வேண்டும். ஒரு பெண்ணைப் படியில் தூக்கிச் செல்வதைப் பற்றி அந்த உறுப்பினர் யோசித்துப் பார்த்தாரா என்பதும் எனக்குத் தெரியவில்லை. இப்படிப்பட்டவர்கள் இரண்டு முறை அழைப்பை ஏற்பார்கள், மூன்றாவது முறை உடல்நலம் சரியில்லை என்று சொல்லி வீட்டில் இருந்துவிடுவார்கள். பிறகு நிர்வாகசபையினர், 'கட்டிக் கொடுத்தாலும் அவர்கள் வருவதில்லை' என்று சொல்வார்கள்.

இரண்டு பேர்தான் என்ற கணக்கும் பிழையானது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 சதவீதமானோருக்குப் பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலியவற்றில் ஏதோ ஒரு சிரமம் இருக்கிறது. அதே மதிப்பீட்டில் 60 வயதைக் கடந்தோர் சனத்தொகையில் 12.4 சதவீதம். யுத்தத்தைக் கண்ட எங்கள் மாவட்டத்தில் இதை நான் விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கிவரும் ஜெய்ப்பூர் நிறுவனத்தின் வாசலில் ஒரு காலை நேரம் நின்றால் செயற்கைக் கால் அணிந்தவர்கள் எத்தனை ஊர்களிலிருந்து வருகிறார்கள் என்பது தெரியவரும். இவர்களுள் பெரும்பாலானோர் காற்சட்டை, சாரம், சேலை ஆகியவற்றால் காலை மறைத்துக்கொண்டு நடப்பதனால் கூட்டத்தில் உங்கள் கணக்கில் விழுவதில்லை.

இரண்டாவது விடயத்தைப் பலரும் அறிவதில்லை. செயற்கைக் கால் அணிந்தவர்களில் என்னைப் போன்ற பலருக்குச் சாய்தளத்தில் இறங்குவது கடினம், ஏனென்றால் கணுக்கால் மடங்காது. சரிவில் உடம்பு முன்னே தள்ளப்படும். எங்களுக்கு ஏற்றது தாழ்வான படிகளும் இருபுறமும் உறுதியான கைபிடிக் கம்பிகளுமே. ஆகவே சாய்தளம் கட்டுகிறோம் என்று சொல்லிப் படிகளைக் கவனியாது விட வேண்டாம். ஒரு படி ஆறு அங்குலத்துக்கு மேல் உயராமலும், பாதம் முழுவதும் பதியும்படி ஓரடி அகலத்திலும், எல்லாப் படிகளும் ஒரே அளவிலும் இருக்க வேண்டும். கடைசிப் படி மட்டும் ஓர் அங்குலம் கூடக் குறைய வந்தால் விழுவது அதில்தான். மலசலகூடம் ஒன்றிலாவது கொமட் இருக்க வேண்டும்; குந்தியிருப்பது எங்களால் இயலாத காரியம், மூட்டு வலியுள்ள வயோதிபர்களாலும் இயலாது.

அயலூர் மண்டபம் ஒன்றுக்கு ஒரு திருமணத்துக்காகப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். சாய்தளம் இருந்தது, சரிவும் மோசமில்லை. ஆனால் அதன் முழு நீளத்துக்கும் மினுமினுக்கும் தரை ஓடுகள் பதித்திருந்தார்கள். தூறல் மழை வேறு. மேலே போய்ச் சேரும் பக்கக் கதவுக்குப் பூட்டுப் போட்டிருந்தது, திறப்பு யாரிடம் என்று எவருக்கும் தெரியவில்லை. சமையற்காரர்கள் தங்கள் கிடாரங்களை அதன் அடியில் அடுக்கி வைத்திருந்தார்கள்.

சாந்தகப்பை (கட்டட ஒப்பந்தகாரர்) எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்ன தரையோட்டு விடயத்திலிருந்தே தொடங்குகிறேன். சாய்தளத்துக்கு எந்த ஓடும் வேண்டாம். சீமெந்துத் தளம் போட்டு, அது இறுகுவதற்கு முன்னர் தும்புத்தடியால் குறுக்காக இழுத்து வரி போட்டுவிட்டால் மழையிலும் வழுக்காது, செலவும் குறைவு. ஓடு பதிப்பது பார்வைக்காகவே கேட்கப்படுகிறது. படம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பும்போது பளபளப்பாக இருக்க வேண்டும் என்பார்கள்.

செயலாளர் கேட்ட முக்கியமான கேள்வி, ஒப்பந்தகாரர் சரியாகச் செய்வதை எப்படி உறுதிப்படுத்துவது என்பது. நானும் ஒப்பந்தகாரன் என்பதால் எங்கள் பக்கத்தை மறைக்காமல் சொல்கிறேன். செலவு மதிப்பீட்டுப் பட்டியலில் 'சாய்தளம் - 1' என்று ஒற்றை வரியில் எழுதியிருந்தால், விலை கேட்கும் ஒவ்வொருவரும் தன் மனதில் உள்ள ஒரு சாய்தளத்துக்கு விலை போடுவார். குறைந்த விலை போட்டவர் நிச்சயமாகச் செங்குத்தான ஒன்றை மனதில் வைத்திருப்பார், வேலையும் அவருக்கே போகும். இதற்குப் பதிலாக நீளம், அகலம், சரிவு, கைபிடிக் கம்பியின் நீளமும் விட்டமும், ஓரத்தில் சக்கரம் கீழே போகாமல் தடுக்கும் நாலு அங்குல விளிம்பு, தளத்தின் முடிப்பு ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக அளவோடு எழுதுங்கள். அப்போது விலைகளை ஒப்பிடவும் முடியும், அளந்து பார்த்துப் பணம் கொடுக்கவும் முடியும். சரிவு பிழைத்தால் அந்த வரிக்கான கொடுப்பனவு நிறுத்தப்படும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வாக்கியம் சேர்த்துவிட்டால், மேற்பார்வை இல்லாத நாளிலும் மேசன் கவனமாக இருப்பார்.

சரிவை அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. நாலடி நீளமான நேரான சலாகை ஒன்றையும் நீர்மட்டத்தையும் எடுத்துக்கொண்டு, சலாகையின் ஒரு முனையைச் சாய்தளத்தின் மேற்பக்கத்தில் தொடவிட்டு, கீழ்ப்பக்க முனைக்குக் கீழே சரியாக நாலு அங்குல உயரமுள்ள மரக்கட்டையை வையுங்கள். நீர்மட்டத்தின் குமிழி நடுவில் நின்றால் சரிவு 1:12. மட்டம் வருவதற்குக் கட்டைக்கு மேல் இன்னும் ஏதாவது வைக்க வேண்டியிருந்தால் சாய்தளம் செங்குத்து. கட்டையையே எடுத்துவிட்டுச் சின்னக் கட்டை தேட வேண்டியிருந்தால் இன்னும் நல்லது. என்னிடம் வேலை பழகும் பையன்களுக்கு இந்தக் கட்டையைக் கையில் கொடுத்துவிடுவேன். 1:12 என்று வாயால் சொன்னால் தலையாட்டுவார்கள், கட்டையைக் கொடுத்தால் அளப்பார்கள்.

மலசலகூடச் சுவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொமட்டுக்குப் பக்கத்தில் பிடித்து எழும்பும் கம்பி மீது ஆளின் முழுப் பாரமும் ஒரே இழுப்பில் வரும். இப்போது எல்லோரும் உட்சுவரை நாலு அங்குலப் பொள் கல்லில் கட்டுகிறார்கள். அதில் துளையிட்டு பிளாஸ்டிக் ஆப்பு அடித்துப் பூட்டிய கம்பி சில மாதங்களில் ஆட்டம் கண்டு, ஒருநாள் ஆளோடு சேர்ந்து கையில் வந்துவிடும். கம்பி வரும் உயரத்தில் கல்லின் பொள்ளுக்குள் கொங்கிறீற் நிரப்பச் சொல்லுங்கள், அல்லது அந்த ஒரு சுவரை மட்டும் ஆறு அங்குலத் திடக்கல்லில் கட்டச் சொல்லுங்கள். இது பூச்சுக்கு முன்னர் பார்க்க வேண்டிய வேலை. பூசிய பிறகு எவராலும் கண்டுபிடிக்க முடியாது. கம்பிக்குக் கறள் பிடிக்காத எவர்சில்வர் வேண்டும், கடற்காற்றில் சாதாரண இரும்பு நிற்காது. வெளிச் சாய்தளத்தில் எவர்சில்வர் மத்தியான வெயிலில் கை வைக்க முடியாத சூட்டுக்கு வரும் என்பதால், அங்கே நிழலுக்கு ஒரு கூரை நீட்டுவது நல்லது.

மலசலகூட வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்க இரண்டு அங்குல வரம்பு கட்டுவது எங்கள் மேசன்மாரின் வழக்கம். அந்த வரம்பில் சக்கர நாற்காலியும் தடுக்கும், தடியும் தடுக்கும். வரம்புக்குப் பதிலாக வாசலின் குறுக்கே கம்பிவலை மூடிய சிறிய வாய்க்கால் ஒன்றை விட்டால் தண்ணீரும் போகும், தளமும் சமமாக இருக்கும்.

வெண்பிரம்பு எழுதியது:

சாய்தளத்தோடும் மலசலகூடத்தோடும் பேச்சு முடிந்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். எனக்குப் பார்வை மிகக் குறைவு, முற்றாக இல்லாமலில்லை. வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளைப் படி, வெள்ளைக் கதவு என்று கட்டப்படும் புதிய கட்டடங்களில் எனக்குப் படி எங்கே தொடங்குகிறது என்பது தெரிவதில்லை. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு அங்குல அகலத்தில் கடும் மஞ்சளோ கறுப்போ பூசினால் போதும். அது ஒரு பேணி வர்ணத்தின் செலவு. கதவுச் சட்டம் சுவரிலிருந்து வேறுபட்ட நிறத்தில் இருக்கட்டும். மாடிப்படியின் அடிப்பகுதி திறந்தவெளியாக இருந்தால் தலை இடிபடும். அந்த இடத்தில் ஓர் அடைப்போ பூந்தொட்டி வரிசையோ வைத்துவிடுங்கள்.

மண்டபத்துக்குத் தகரக் கூரையும் மொட்டைச் சுவரும் போட்டால் எதிரொலியில் காது குறைந்தவர்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டுவது அதற்கு மருந்தல்ல. கூரைக்குக் கீழே உட்கூரை அமைப்பது உதவும். வரைபடத்தை இறுதி செய்யுமுன் பார்வையற்றோருக்கும் செவிப்புலனற்றோருக்குமான கைதடி நவீல்ட் பாடசாலையில் படித்த ஒருவரையும் சக்கர நாற்காலி பயன்படுத்தும் உங்கள் ஊரவர்கள் இருவரையும் அழைத்து, காணியில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வாசல் இது, மலசலகூடம் இது என்று காட்டிக் கருத்துக் கேளுங்கள். காகிதத்தில் கேட்டால் சரி என்றுதான் சொல்வோம்.

சபைக்கணக்கு எழுதியது:

இங்கே எழுதியவர்கள் எல்லோரும் நல்ல மனதோடு எழுதியிருக்கிறீர்கள். இருந்தாலும் இது நல்ல மனதின் விடயமாகப் பேசப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்ற செயலாளரின் முதற் கேள்விக்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணமாகக் காட்டிப் பொதுமக்கள் செல்லும் கட்டடத்துக்குள் ஒருவர் செல்வதற்குத் தடை ஏற்படுத்தக் கூடாது என்கிறது. அதன் கீழ் 2006 ஒக்டோபரில் வெளியிடப்பட்ட அணுகும் வசதி ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களுக்கும் பொது இடங்களுக்கும் பொதுச் சேவை வழங்கும் இடங்களுக்கும் பொருந்துவன; சனசமூக நிலையம் இதிலிருந்து தப்ப முடியாது. 1992 இல் ஓடும் காரின் மேல் மரம் விழுந்ததால் நடக்கும் ஆற்றலை இழந்த முன்னாள் கிரிக்கெட் நடுவர் கலாநிதி அஜித் பெரேரா தாக்கல் செய்த அடிப்படை உரிமை வழக்கில், புதிய பொதுக் கட்டடங்கள் இந்த விதிகளுக்கு அமையவே கட்டப்பட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2011 ஏப்ரல் 27 அன்று கட்டளையிட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2007 இல் கைச்சாத்திட்டு 2016 இல் ஏற்புறுதி செய்தது. அதன் ஒன்பதாம் உறுப்புரை முழுவதும் அணுகும் வசதி பற்றியது. ஆகவே மூத்த உறுப்பினரிடம், இது தர்மமாகக் கொடுப்பது அல்ல, கொடுக்காவிட்டால் நிர்வாகசபைதான் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிடலாம்.

இவ்வளவும் இருந்தும் எட்டடிப் பெட்டி எப்படி வரைபடத்துக்குள் வருகிறது? ஏனென்றால் அனுமதி வழங்கும் மேசையில் சாய்தளம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், அதன் நீளத்தையும் உயரத்தையும் வகுத்துப் பார்ப்பதில்லை. கட்டி முடிந்த பின் இணக்கச் சான்றிதழ் கொடுக்கும்போது எவரும் நாலு அங்குலக் கட்டையோடு போவதில்லை. படவரைஞருக்குப் படிக்கும் காலத்தில் இது ஓர் அளவாக மட்டும் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. ஒருநாள் சக்கர நாற்காலியில் அமர்ந்து கல்லூரிக் கட்டடத்தைச் சுற்றிவரச் சொன்னால் வேறு விதமாக வரைவார். தொழில்நுட்பக் கல்லூரியிலும், கிளிநொச்சியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்திலும் படிக்கும் மாணவர்கள் செயற்திட்டமாக ஊர் ஊராகப் பொதுக் கட்டடங்களை அளந்து அறிக்கை எழுதலாம். பணம் அனுப்பும் ஊர்ச் சங்கங்களுக்கும் இதில் பங்குண்டு. அவர்கள் வாழும் நாடுகளில் இந்த வசதி இல்லாமல் ஒரு பொதுக் கட்டடம் திறக்கப்படாது. இங்கே கட்டும்போது மட்டும் பெயர்க் கல்லின் அளவைக் கேட்கிறார்கள், வாசலின் அகலத்தைக் கேட்பதில்லை. இறுதித் தவணைப் பணத்தை அணுகும் வசதி அளந்து பார்த்த அறிக்கையோடு இணைத்துவிட்டால், ஒப்பந்தகாரரும் படவரைஞரும் ஒரே வருடத்தில் பழகிக்கொள்வார்கள்.

நிலையச் செயலாளர் எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. வாசிகசாலையையும் நிர்வாகசபை அறையையும் கீழே கொண்டுவருவதற்கு நிர்வாகசபையில் இப்போது எதிர்ப்பில்லை. மூத்த உறுப்பினருக்கே முழங்கால் வருத்தம் என்பது இந்தப் பேச்சில் வெளிவந்தது. மலசலகூடத்தைப் பிரதான கட்டடத்துக்குள் ஒரே மட்டத்தில் கொண்டுவரவும் படவரைஞர் சம்மதித்துவிட்டார். ஆனால் முப்பது அடிச் சாய்தளம் முன்முற்றத்தை முழுதாக விழுங்கிவிடும், கட்டடத்தின் முகப்புக் கெட்டுவிடும் என்கிறார்கள். தளமட்டத்தைக் குறைத்தால் வெள்ளம் உள்ளே வரும் என்ற பயமும் இருக்கிறது. இதற்கு வழி உண்டா?

மட்டக்கோல் எழுதியது:

வழி உண்டு, அதற்கு முதலில் பழைய கட்டடத்தை இடிப்பதைச் சில நாட்கள் தள்ளிப்போடுங்கள். 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த வெள்ளம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அண்மைக் காலத்தில் கண்ட பெரிய வெள்ளங்களில் ஒன்று. உங்கள் பழைய சுவரில் அதன் கறை இன்னும் இருந்தால் நிலத்திலிருந்து அதன் உயரத்தை அளந்து படம் எடுத்து வையுங்கள். கறை இல்லையென்றால் அயல்வீட்டுக்காரர்கள் வாசலின் எந்தக் கல் வரை தண்ணீர் நின்றது என்று சொல்வார்கள். இரண்டரை அடி என்ற உயரம் பல இடங்களில் அளந்து வந்ததில்லை, அயல் வீடு அவ்வளவு என்பதால் வந்தது. கறை ஓரடிக்குக் கீழே இருந்தால் தளமட்டத்தை இரண்டடிக்கு இறக்கினாலும் வெள்ளத்துக்கு மேலே ஓரடி பாதுகாப்பு மிஞ்சும். ஓரடிக்கு மேலே கறை இருந்தால் உயரத்தைக் குறைக்க வேண்டாம், அப்போது சாய்தளத்தை நடுவில் ஒரு தரிப்புத் தளத்தோடு மடித்துப் பக்கவாட்டில் பதினைந்து அடியாக இரண்டு முறை விடலாம்.

இரண்டடிக்கு இறக்க முடிந்தால் உங்களுக்கு அதைவிட நல்ல தெரிவு கிடைக்கிறது. தெருக் கேற்றிலிருந்து முன்சுவர் வரை 45 அடி என்று எழுதியிருக்கிறீர்கள். வாசலுக்கு முன்னால் 5 அடிச் சமதளம் விட்டால் மிச்சம் 40 அடி. 24 அங்குல உயரத்தை 40 அடியில் ஏறினால் சரிவு 1:20. அந்தச் சரிவைக் கண் சாய்தளம் என்று உணராது, நடைபாதை மெல்ல உயர்வது போலவே தெரியும். கேற்றிலிருந்து பிரதான வாசல் வரை ஆறடி அகலமான அந்தப் பாதையால் எல்லோருமே வருவார்கள்: சக்கர நாற்காலியும், முன்பள்ளிப் பிள்ளையைத் தள்ளுவண்டியில் கொண்டுவரும் தாயும், கதிரை அடுக்கிய கைவண்டியும். தானும் சக்கர நாற்காலியில் வாழ்ந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொன் மேஸ் முதலானோர் 1997 இல் வகுத்த யாவருக்குமான வடிவமைப்பின் ஏழு கோட்பாடுகளில் முதலாவது, எல்லோருக்கும் ஒரே வழியைக் கொடுப்பதே. மாற்றுத்திறனாளிகளுக்கென்று மூலையில் தனிவாசல் வைப்பதை இது தேவையற்றதாக்கும். ஆசிரியர் ஐயா கண்ட பூட்டிய கதவுப் பிரச்சினையும் எழாது. அவர் கேட்ட தாழ்வான படிகளை விறாந்தையின் பக்கத்தில் கைபிடியோடு வையுங்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்று. முற்றத்தின் நடுவே மண் நிரப்பி உயர்த்தும் பாதை மழைத் தண்ணீரை ஒரு பக்கத்தில் மறித்து நிற்க வைக்கும். ஆகவே பாதைக்குக் கீழே இரண்டு இடங்களில் ஆறு அங்குலக் குழாய் குறுக்காகப் பதித்து, இரு பக்கமும் தண்ணீர் சமமாக ஓடித் தெரு வாய்க்காலுக்குப் போக விடுங்கள். நிரப்பும் மண்ணை ஆறு அங்குலத்துக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்து இடித்து இறுக்கிய பின்னரே அதன் மேல் கொங்கிறீற் போட வேண்டும், இல்லாவிட்டால் முதல் மாரியோடு பாதை தாழ்ந்து, வாசலில் ஓர் அங்குலப் படி உருவாகிவிடும்.

சாந்தகப்பை எழுதியது:

பொறியியலாளர் சொன்ன பாதையை வேலையின் இறுதியில் போடுவதற்கு விட வேண்டாம், செயலாளர். கடைசி மாதத்தில் காசு முடிந்துவிடும், அப்போது வெட்டப்படுவது வெளிவேலைதான். அத்திவாரக் கிடங்கு வெட்டும் மண்ணை வெளியே ஏற்றாமல் அந்தப் பாதை வரும் இடத்திலேயே கொட்டி அப்போதே இடித்துவிட்டால் மண்ணுக்கும் ஏற்றுக்கூலிக்கும் தனிச் செலவு வராது. கட்டடம் எழும்பும் மாதங்களில் கல் வண்டியும் ஆட்களும் அதன் மேலால் போய்வர, மண் தானாக இன்னும் இறுகும். மதிப்பீட்டில் பாதையை 'வெளிவேலை' என்ற தலைப்பின் கீழ் எழுத விடாதீர்கள், அத்திவாரத் தலைப்பின் கீழ் எழுதச் சொல்லுங்கள்.